ஒண்ணாங் கிளாஸ் புத்தகம்

“என்னாத்துக்கு இதெல்லாம்?” என்று என் மாமியார் கேட்டபோது என் கையில் ஒரு குழந்தைப் புத்தகம் இருந்தது. நீல உடுப்பு போட்ட ஒரு வயல் எலியும் சிவப்பு உடுப்பு போட்ட ஒரு வயல் எலியும் பெரிய முட்டை ஒன்றைப் பார்த்து வியந்து நிற்கிற படம். அடுப்பில் குக்கர் இரண்டு விசில் விட்டிருந்தது. மூன்றாவது விசிலுக்குள் ஒரு வரியையாவது எழுத்துக்கூட்டிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதைத் தாண்டியவள், அரசுப் பள்ளி ஆசிரியை, பதினான்கு வயதுப் பையனுக்குத் தாய். எலிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. கொஞ்சம் யோசித்து, “பதவி உயர்வுக்கு உதவும் அத்தை” என்றேன். அது பொய். கல்வராயன் மலையில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்கு ஜப்பானிய மொழி தெரிந்தால் எந்தப் பதவியும் உயராது. ஆனால் அந்தப் பொய்க்கு வீட்டில் மரியாதை கிடைத்தது. என் கணவர் வாரம் முழுக்க கிரிக்கெட் பார்க்கிறார். அது என்னாத்துக்கு என்று யாரும் கேட்டதில்லை. என்னுடைய அரைமணி நேரத்துக்கு மட்டும் கணக்கு கேட்கப்பட்டது. நானும் கள்ளக் கணக்கு எழுதிக் கொடுத்தேன்.

உண்மைக் காரணம் இவ்வளவுதான். 2020 ஊரடங்கின்போது ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’யை மறுபடி படித்தேன். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட தமிழ்ப் பதிப்பு. ஆசிரியர் வட்டாரத்தில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த பிரதி. தெத்சுகோ குரோயானகி 1981இல் எழுதிய அந்தப் புத்தகத்தில், முதல் பள்ளியிலிருந்து அனுப்பிவிடப்பட்ட சிறுமியைப் புதுப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கொபயாஷி எதிரே உட்காரவைத்து, நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்பார். ஒரு பெண் குழந்தையின் பேச்சை ஒரு பெரியவர் நான்கு மணி நேரம் கேட்கிறார் என்பது எனக்கு ரயில் பெட்டி வகுப்பறைகளைவிட அதிசயமாகத் தெரிந்தது. அந்தக் குழந்தை எந்த மொழியில் அப்படிப் பேசித் தீர்த்தாளோ அந்த மொழியில் அதைப் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. காரணம் என்று கேட்டால் அந்த ஆசைதான்.

அந்தப் புத்தகத்தை இன்றுவரை ஜப்பானிய மொழியில் படிக்க என்னால் முடியவில்லை. அதற்கு முன்னால் ஏறவேண்டிய படிகள் நிறைய இருக்கின்றன. முதல் படிதான் எலிகள்.

கைபேசியில் எழுத்துகளைக் கற்கத் தொடங்கினேன். ஹிரகானா என்ற அடிப்படை எழுத்துகள் நாற்பத்தாறு. நமக்கு 247 என்பதால் எளிதாகத்தான் தெரிந்தது. வரிசையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உயிர் ஐந்தும் அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ‘ஹ’ பழங்காலத்தில் ‘ப’வாக ஒலித்தது என்கிறார்கள். ‘ப’ என்று போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட நம் அரிச்சுவடி. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்து முறையைப் பயின்றதன் வழியாக அந்த வரிசை அங்கே போய்ச் சேர்ந்தது. தினமும் ஒன்றாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை, கடல் கடந்து, வேறு முகத்தோடு எனக்கே பாடமாக வந்திருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை மகன் ஜப்பானுக்குப் போய்வந்தபோது, பழைய புத்தகக் கடையிலிருந்து நான்கு குழந்தைப் புத்தகங்கள் வாங்கிவந்தான். “சித்தி பெரியம்மா” என்று என்னை இரண்டு முறையும் சேர்த்துக் கூப்பிடுவான். “பெரியவங்க புக்கே வாங்கியிருக்கலாம், நீங்கதான் சின்னப் புள்ளைங்க புக்கு போதும்னுட்டீங்க” என்றான். நானும் சின்னப் பிள்ளைப் புத்தகம் சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சுலபம் இல்லை. எல்லாமே ஹிரகானா. காஞ்சி என்ற சித்திர எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. கற்பவருக்கு அது உதவி என்றுதான் தோன்றும். ஆனால் ஒரே ஒலிக்கு ஐந்தாறு பொருள் உள்ள மொழியில், காஞ்சி இல்லாவிட்டால் எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க இயலாது. பாடப் புத்தகத்தில் நான் படித்தது மரியாதை வடிவம். எலிகள் ஒன்றோடொன்று பேசுவது வீட்டு வழக்கு. போதாக்குறைக்கு இரட்டைக்கிளவிகள். நம் சலசல, மளமள, தகதக மாதிரி அந்த மொழியில் ஏராளம். கிரகிர என்றால் மினுமினுப்பு, கொரொகொரொ என்றால் உருளும் ஓசை, பெரபெர என்றால் சரளமான பேச்சு. ஜப்பானியக் குழந்தை இதையெல்லாம் தாய் மடியிலேயே கேட்டுவிட்டுத்தான் புத்தகத்துக்கு வருகிறது. அதற்கு மொழி முழுக்கத் தெரியும், எழுத்துதான் புதிது. எனக்கு எழுத்து தெரியும், மொழி தெரியாது. குழந்தைப் புத்தகம் மொழி தெரிந்தவர்களுக்காக எழுதப்படுவது என்பதை ஒன்றாம் வகுப்பு ஆசிரியையான நான் நாற்பது வயதுக்குமேல்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த எலிப் புத்தகம் ‘குரி தோ குரா’. 1963இல் வந்தது. எழுதிய ரியேகோ நககாவா ஒரு மழலையர் காப்பகத்தின் ஆசிரியை. படம் வரைந்தவர் அவருடைய தங்கை. சமைப்பதும் சாப்பிடுவதும்தான் உலகத்திலேயே பிடித்த வேலை என்று சொல்லும் இரண்டு எலிகள், தங்களை ஆண் பிள்ளைகள் சொல்லும் ‘பொகு’ என்ற சொல்லால்தான் குறிப்பிட்டுக்கொள்கின்றன. ஆண் எலிகள் இரண்டும் காட்டுக்கே பாத்திரத்தை எடுத்துப்போய், முட்டையை உடைத்து, கேக் செய்து, வருகிற மிருகங்களுக்கெல்லாம் பங்கு வைக்கின்றன. குக்கர் மூன்றாவது விசில் விட்டபோது நான் படித்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கம்தான்.

*

காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால், கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே மலை வளைவுகளில் ஏறி வெள்ளிமலை போய்ச் சேரும்வரை யாரும் என்னைக் கணக்கு கேட்பதில்லை. என் ஜப்பானியப் பள்ளிக்கூடம் அந்த பஸ்தான். முன் வரிசை ஜன்னலோரம்.

இலக்கணம் வந்தபோதுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ‘நான் படித்த புத்தகம்’ என்று நாம் பெயரெச்சம் போடுவதுபோலவே அவர்களும் போடுகிறார்கள். ‘தபெதெ மிரு’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘சாப்பிட்டுப் பார்’. ‘யொந்தெ ஒகு’ என்றால் ‘படித்து வை’. ஆங்கிலத்தில் எத்தனையோ வருடம் முட்டிமோதியும் வராத இயல்பு இங்கே முதல் மாதத்திலேயே வந்தது. வீட்டைவிட்டு வெளியே கிளம்பும்போது ஜப்பானியர் சொல்வது ‘இத்தெகிமாஸ்’. அதைப் பிரித்தால் ‘போய்விட்டு வருகிறேன்’. போகிறேன் என்று மட்டும் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அம்மா. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு இருக்கிறது என்று பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி பழக முடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரியின் வீட்டிலும் என் வீட்டுக் கதைதான் நடந்தது. மனைவியைக் குறிக்கும் ‘கனாய்’ என்ற சொல்லுக்கு வீட்டுக்குள் இருப்பவள் என்று பொருள். கணவனைக் குறிக்கும் ‘ஷுஜின்’ என்ற சொல்லுக்கு எஜமானன் என்று பொருள். சிரிக்க முடியவில்லை. நம்மிடம் ‘இல்லாள்’ என்றால் மனைவி, ‘இல்லான்’ என்றால் ஒன்றும் இல்லாதவன். ஹிரகானாவின் முதல் எழுத்தான ‘அ’ ஒரு சீன எழுத்தின் சுழித்த வடிவம். அந்த மூல எழுத்தில் மேலே கூரை, கீழே பெண். பொருள், அமைதி. பெண் கூரைக்கு அடியில் இருந்தால் அமைதியாம். அதே எழுத்துக்கு மலிவு என்றும் ஒரு பொருள் உண்டு.

ஆனால் அந்த எழுத்துகளின் வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிய அரசவையில் சீன எழுத்துதான் படிப்பு. அது ஆண்களுக்கு உரியது. சுழித்து எளிமையாக்கிய ஹிரகானாவுக்குப் ‘பெண் கை’ என்று பெயர். முராசகி ஷிகிபு தன் நாட்குறிப்பில் ஒன்று எழுதியிருக்கிறார். தம்பிக்கு அப்பா சீனப் பாடம் நடத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே அவர் கற்றுக்கொண்டார். தம்பி தடுமாறிய இடமெல்லாம் அவருக்கு வந்தது. அப்பா, இவள் ஆணாய்ப் பிறக்காமல் போனாளே என்று வருத்தப்பட்டார். அந்தப் பெண்தான் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மட்டமாக நினைக்கப்பட்ட அந்தப் பெண் கையில், கெஞ்சியின் கதையை எழுதினார். இன்று உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். அதற்குச் சற்று முன்பு கி நோ சுராயுகி என்ற கவிஞர் பயண நாட்குறிப்பு எழுத ஆசைப்பட்டபோது ஒரு பெண் எழுதுவதுபோல எழுதினார். ஆண்கள் நாட்குறிப்பைச் சீனத்தில் எழுதுவதுதான் அந்தக் கால வழக்கம். மனதில் இருப்பதை வீட்டு மொழியில் சொல்ல அவருக்குப் பெண் கை தேவைப்பட்டது.

*

வகுப்பில் ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். என் பிள்ளைகள் மலையாளி பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். பெற்றோர் பலர் வேலை தேடி வெளியூர் போய்விடுவார்கள். ஒரு சிறுமி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். நான் எழுத்துக்கூட்டியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. “டீச்சர், நீங்களும் ஒண்ணாங் கிளாஸா?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப ஒங்கள யாரு அடிப்பா?” என்று கேட்டாள்.

நான் அடிப்பதில்லை. ஆனால் ‘ன’வையும் ‘ண’வையும் மாற்றிப் போட்ட பிள்ளையிடம் குரல் உயர்த்தியிருக்கிறேன். “நேத்துதானே சொன்னேன்” என்று எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது ‘நு’வும் ‘மெ’வும் எனக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. ‘ச’வும் ‘சி’யும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கின்றன. நேற்றுதான் படித்தேன், இன்று மறந்துவிட்டது. சொல்லிக்கொடுத்ததை மறப்பது அலட்சியம் இல்லை என்று எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இதே மலையிலிருந்து போய் நர்சிங் படித்த ஒரு பழைய மாணவி, நான் ஜப்பானிய மொழி படிப்பதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தாள். ஜப்பான் 2019 ஏப்ரலில் குறிப்பிட்ட திறன் கொண்ட வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்று புது விசா கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் அதற்காக இந்தியாவுடன் ஒப்பந்தம் போட்டது. முதியோரைப் பராமரிக்கும் வேலையும் அதில் உண்டு. அந்த நாட்டில் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். அவளுக்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். “அம்மாவுக்கு வீடு கட்டணும் டீச்சர்” என்றாள். என்னாத்துக்கு என்ற கேள்விக்கு அவளிடம் தெளிவான பதில் இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. உலகம் எங்கும் பெண்ணிடம் கேட்பது பணிவிடைதானா என்று ஒரு கசப்பும் வந்தது. ஆனால் அதை அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு எலிக் கதை படிப்பவள் நான். பயனுக்காகப் படிப்பதும் உரிமை, பயனில்லாமல் படிப்பதும் உரிமை. அந்த இரண்டாவது உரிமை எங்களில் எத்தனை பேருக்கு வாய்த்தது என்பதுதான் என் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தேன். ஒரே மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

*

என் பையன் ஒருநாள் என் பின்னால் வந்து நின்று பார்த்தான். “அம்மா, ரெண்டு வாரமா நீ இன்னும் அந்த முட்டையிலயே நிக்கிற” என்றான். கெட்ட எண்ணமில்லை, சும்மா சிரித்தான். எனக்கு முகம் சுட்டது. சுட்டதற்குக் காரணம் அவன் அல்ல. அதே வாக்கியத்தை நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இருந்த இடத்திலிருந்து நகராமலேயே அம்மா மூன்று மாவட்டம் பார்த்துவிட்டாள். முதலில் தென்னாற்காடு, 1993இல் விழுப்புரம், 2019இல் கள்ளக்குறிச்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, களையெடுத்துவிட்டு வந்து, சோறாக்கிப் போட்டுவிட்டு, இரவில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து படித்தாள். “என்னாத்துக்கு?” என்று ஊரே கேட்டது. அப்பாவும் கேட்டார்.

நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நானும் அம்மாவும் நின்றிருந்தோம். என் பள்ளித் தோழிகள் நான்கைந்து பேர் கூட இருந்தார்கள். ஒரு பஸ் வந்து நின்றது. அம்மா அதன் பலகையைப் பார்த்துச் சத்தமாக எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். நான் தோழிகளோடு பேச்சில் இருந்தேன். அம்மா “ரா...” என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது. “பஸ்ஸே போயிடுச்சு, நீ இன்னும் ரா-வுலயே நிக்கிற” என்றேன். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு அம்மா என் எதிரில் எதையும் வாய்விட்டுப் படித்ததில்லை. சிலேட்டும் புத்தகமும் டிரங்குப் பெட்டிக்குள் போயின. கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். படிப்பு அவளுக்கு வரவில்லை என்று முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் பார்த்தது எழுத்து தெரியாத ஒருத்தியை. அவளுக்குத் தெரிந்த மொழியை நான் பார்க்கவே இல்லை. கல்வராயன் அடிவாரத்துச் செடி ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பேர் உண்டு. சாமை எப்போது பால் பிடிக்கும் என்பதற்கு ஒரு சொல், மழை திரள்வதற்கு ஒரு சொல், ஆள்மேல் கோபம் வந்தால் பத்துச் சொல். மொழி முழுக்க இருந்து எழுத்து மட்டும் இல்லாதவள். ஜப்பானியக் குழந்தையின் இடம் அவளுடையது. அந்த நான்கு புத்தகங்களும் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் எழுதப்பட்டவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ‘ஹஜிமெதெ நோ ஒத்சுகாய்’ என்ற புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். எழுதியவர் யோரிகோ சுத்சுய், படம் அகிகோ ஹயாஷி, இருவரும் பெண்கள். 1977இல் புத்தகமாக வந்தது. முதல்முறை தனியாகக் கடைக்குப் போகும் ஐந்து வயதுச் சிறுமியின் கதை. கைக்குழந்தைக்குப் பால் வேண்டும். அம்மா இரண்டு நாணயங்களைக் கொடுத்து அனுப்புகிறாள். மேட்டில் ஓடும்போது விழுந்து காசு சிதறுகிறது, பொறுக்கிக்கொள்கிறாள். கடைக்குப் போய் நின்று பால் வேண்டும் என்கிறாள். குரல் யாருக்கும் கேட்கவில்லை. பின்னால் வந்த பெரியவர்கள் முந்திக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். கடைசியில் பெருங்குரல் எடுத்துக் கேட்கிறாள்.

திண்ணையில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டி, தடுமாறி, தமிழில் சொன்னேன். அம்மா படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரிக்குக் குரல் கேட்காத இடம் வந்ததும், “பேங்குல எனக்கு இப்பிடித்தான் ஆவும்” என்றாள். “நூறு நாள் காசு வந்துச்சான்னு கேப்பேன், எனக்குப் பின்னால வந்தவன்லாம் வாங்கிக்கினு பூடுவான்.”

கதை முடிந்தபிறகு பஸ் ஸ்டாண்ட் விஷயத்தைச் சொன்னேன். அன்று அப்படிச் சிரித்திருக்கக்கூடாது என்றேன். அம்மாவுக்கு நினைவிருக்காது என்றுதான் எதிர்பார்த்தேன்.

“அது நம்ம பஸ்ஸு இல்ல பாப்பா” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“அது சங்கராபுரம் பஸ்ஸு. ச, ங், க, ரா. ரா வரிக்கும் படிச்சனா, அதுக்குள்ள நீ சிரிச்சுட்ட. நம்ம பஸ்ஸு அதுக்கப்பறந்தான் வந்துச்சு. நீதான் போர்டைப் பாக்கல.”

கச்சிராயபாளையத்திலும் நான்காவது எழுத்து ‘ரா’தான். என் காதில் விழுந்தது அந்த ஓர் எழுத்து மட்டும். பஸ்ஸைத் தவறவிட்டோம் என்றுதான் இத்தனை வருடம் என் நினைவில் இருந்தது. அம்மா சரியாகப் படித்திருந்தாள்.

“அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“ஒங்கூட்டாளிங்க எதிர்ல சொன்னா ஒனக்குத்தான் அசிங்கம்.”

“அதோட படிக்கறத வுட்டுட்டியே.”

“யாரு வுட்டா? வாய்க்குள்ள படிப்பேன். பஸ்ஸு, காலண்டரு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை. ஒன் புள்ள பேர்ல ஒரு எழுத்து தப்பா போட்டுருந்தான் காதுகுத்துப் பத்திரிகையில. நான்தான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல.”

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பு கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் எதற்கென்று கேட்பது என்று தெரியவில்லை. சிரித்ததற்கு மட்டும் என்றால், முப்பது வருடம் அவளுக்குப் படிப்பு வராது என்று நம்பியதற்கு யார் கேட்பது?

அம்மா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் ஓர் எழுத்தைத் தொட்டு, “இது என்னா?” என்றாள். “மெ” என்றேன். பெண் என்ற சீன எழுத்தைச் சுழித்துச் சுழித்து வந்த எழுத்து அது என்று சொன்னேன். திண்ணைத் தூசியில் ஒருமுறை அதை எழுதிப் பார்த்தாள். கோலம் போட்ட கை, சுழி என்னுடையதைவிட ஒழுங்காக வந்தது. “இதுக்கும் எதாச்சும் காசு தருவாங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. சும்மா.”

“சும்மாவா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “செரி, அடுத்தது என்னா?” என்றாள்.

சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். தூரத்தில் பஸ் திரும்பியதும் நான் வழக்கம்போலக் கைப்பையை எடுத்தேன். அம்மா நின்ற இடத்திலேயே பலகையைப் பார்த்து, “க, ள், ள...” என்று ஆரம்பித்தாள். சத்தமாகத்தான். பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ‘குறிச்சி’வரை போய் முடிக்கும்வரை நான் படியில் கால் வைக்கவில்லை. கண்டக்டர் “ஏறும்மா, ஏறும்மா” என்று கத்தினார்.

“போய்ட்டு வர்றேன்மா” என்றேன்.